பெட்டிக்குத் தொண்டை கொடுத்தவள்

கண்ணாயிக்கு வாய்த்த தொண்டை ஒரு ஆளுக்கு உரியதல்ல. நாலு பேருக்குப் பங்கு வைத்துக் கொடுக்க வேண்டியதைக் கடவுள் ஏதோ அவசரத்தில் ஒருத்தியிடமே கொட்டிவிட்டுப் போய்விட்டார் என்று ஏற்காட்டு மலையில் இருக்கும் வாழவந்தியில் சொல்வார்கள். தலைச்சோலையில் பிறந்தவள், வாழவந்திக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் காப்பி எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போனாள். காட்டெருமை இறங்கினால் மற்றப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். கண்ணாயி நின்ற இடத்திலிருந்தே ஒரு அதட்டுப் போடுவாள். எருமை கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

எஸ்டேட் ரைட்டருக்கு இது வசதியாகப் போயிற்று. சாயங்காலம் வேலை முடிந்ததற்கு மணி அடிக்க ஆள் அனுப்புவதற்குப் பதிலாக, "கண்ணாயி, ஒரு சத்தம் குடும்மா" என்பார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து எஸ்டேட் பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இதனால் இரண்டு எஸ்டேட்டுக்கும் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனது.

இப்படிப்பட்டவள் போயும் போயும் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் நடந்தது. எழுபத்தொன்பதில், மழை ஈரத்தில் நிறைந்த கூடையோடு சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். ஏற்காட்டில் ஏரிக்கு மேலே மேட்டில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். கட்டுப் போட்ட காலை மேலே தொங்கவிட்டு மல்லாக்கப் படுத்த மேனிக்கு அவள் அந்த வார்டை நடத்தினாள். யாருக்குக் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துவிட்டது, எந்தக் குழந்தை கட்டிலிலிருந்து நழுவுகிறது, எவன் பாத்ரூமில் பீடி பிடிக்கிறான் என்று எல்லாம் அவள் தொண்டை வழியாகத்தான் நர்சுகளுக்குப் போய்ச் சேரும். கால் சேர்ந்து வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டர் வேலுசாமி, "நீ போயிட்டா நான் மணி வாங்கணுமே, இங்கயே இருந்துக்கறியா?" என்று கேட்டார். ஆயா வேலை கிடைத்தது. வேலை கிடைத்த மறுநாளிலிருந்து, "கண்ணாயி, மெதுவாப் பேசு" என்பதும் தொடங்கியது. சுவரில் ஒரு நர்ஸ் படம் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் படமே தன்னை அடக்கத்தான் வரைந்து மாட்டியது என்று கண்ணாயி உறுதியாக நம்பினாள்.

அவள் புருஷன் மாதையன் இதற்கு நேர் எதிர். அவன் பேசினால் பக்கத்தில் இருப்பவன் குனிந்து கேட்க வேண்டும். கொஞ்சம் சாமை, கொஞ்சம் ராகி, நாலு ஆரஞ்சு மரம், வேலியோரம் காப்பிச் செடி என்று வைத்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தான். "நம்ம ஊட்டுல பேச்சு அம்புட்டும் நீயே வச்சுக்க, எனக்குக் கேக்கறது போதும்" என்பான். அவளுக்கு அவன் மேல் கொள்ளைப் பிரியம். அதைச் சொல்ல மட்டும் அந்தப் பெருந்தொண்டைக்குத் தெரியாது. திட்டித் திட்டிச் சோறு போடுவாள், அவ்வளவுதான்.

மாதையனுக்கு ஒரே ஒரு குறை. அவன் அப்பா சாமியாடி. சேர்வராயன் மலை உச்சித் திருவிழாவில் அவர் மேல்தான் சாமி வரும். அவர் போன பிறகு மகன் மேல் வரும் என்று ஊரே காத்திருந்தது. வரவில்லை. அடுத்த வருஷம் பங்காளி மூக்கன் மேல் வந்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் மாதையன் விரதமிருந்து, குளித்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் நிற்பான். சாமி அவனைத் தாண்டிப் போய் மூக்கன் மேல் இறங்கும். "மாதையங்கிட்ட வந்தா சாமிக்கே தூக்கம் வந்துரும்டா" என்று பயல்கள் கேலி பேசுவார்கள். அவனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்து வேட்டியை மடித்து வைக்கும்போது மட்டும் அவன் முகத்தைக் கண்ணாயி பார்க்க மாட்டாள்.

தொண்ணூற்றிரண்டில் ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெட்டி வந்தது. இந்த மலையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, வெளிநாட்டில் இதய டாக்டராக இருந்த ஒருவர், தன் அம்மா நினைவாக அனுப்பி வைத்தது. சின்ன சூட்கேஸ் மாதிரி இருந்தது. திறந்தால் இரண்டு வயரும், வயர் முனையில் நெஞ்சில் ஒட்டும் இரண்டு பட்டையும், ஒரு ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தன. அதைவிடப் பெரிய அதிசயம், பெட்டி பேசியது. இங்கிலீஷில் பேசியது.

டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டு விளக்கினார். "நெஞ்சடைச்சு விழுந்தவங்களுக்கு இதயம் எடுத்த எடுப்புல நின்னு போறதில்லை. பல பேருக்கு முதல்ல வெடவெடன்னு நடுங்கும். நடுங்குற இதயம் ரத்தத்தைத் தள்ளாது. அந்த நேரத்துல வெளியில இருந்து ஒரு அதட்டுப் போட்டா, நடுக்கத்தை விட்டுட்டுப் பழையபடி அடிக்க ஆரம்பிக்கும். அந்த அதட்டுதான் இந்தப் பெட்டி கொடுக்குற கரண்டு. தாமதமானா அதட்டியும் பிரயோசனமில்லை. அதான் பெட்டியை ஜீப்புல எடுத்துட்டுப் போகணும்."

கரண்டு ஆளைக் கொல்லும் என்று மட்டுமே கேட்டிருந்த கண்ணாயிக்கு முதலில் திக்கென்றது. அதட்டு என்றதும் பிடிபட்டுவிட்டது. "அதட்டற வேலைன்னா எனக்குத் தெரியுமுங்க" என்றாள். நர்ஸ் பார்வதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பார்வதி சேலத்துப் பெண், வேலைக்கு வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கை சுத்தம், குரல் மட்டும் கொசு பறப்பது போல இருக்கும்.

டாக்டர் தொடர்ந்தார். பட்டையை ஒட்டியதும் பெட்டி தானாகவே இதயத்தைக் காது கொடுத்துக் கேட்கும். அந்த நேரம் யாரும் விழுந்தவரைத் தொடக் கூடாது. தொட்டால் பெட்டி குழம்பிப் போகும். நடுக்கம்தான் என்று தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொல்லும். அப்போதும் தொடக் கூடாது, தொட்டவருக்கும் அடிக்கும். "அதனாலதான் அதுவே 'ஸ்டாண்ட் கிளியர்'னு சொல்லும். எல்லாரும் கையை எடுங்கன்னு அர்த்தம்" என்றார்.

"ஏனுங்க டாக்டரய்யா," என்றாள் கண்ணாயி, "எங்க மலையில ஒருத்தர் உழுந்துட்டா ஊரே வந்து புடிச்சுக்குமுங்க. கையைப் புடிக்கறவன், காலைப் புடிக்கறவன், தலையை மடியில வச்சுக்கறவ. தமிழ்ல சொன்னாலே உட மாட்டாங்க. இது இங்கிலீசுல மொணமொணன்னா ஆருங்க உடுவாங்க?"

டாக்டர் பெட்டியைப் பார்த்தார், பார்வதியைப் பார்த்தார், பிறகு கண்ணாயியைப் பார்த்தார். "சரி, பெட்டி சொன்னதும் நீ கத்து" என்றார்.

பதிமூன்று வருஷமாக மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று அடக்கி வைத்த ஆஸ்பத்திரி, கத்து என்று வேலை கொடுத்துவிட்டது! கண்ணாயிக்குத் தலைகால் புரியவில்லை. ஜீப் டிரைவர் மரியஅந்தோணியைப் படுக்க வைத்து ஒத்திகை பார்த்தார்கள். "கையை எடுங்கோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் படுத்திருந்த மரியஅந்தோணியே எழுந்து ஓடிவிட்டார். "இதுக்கு அந்தக் கரண்டே தேவலை" என்றார். கண்ணாயி அன்று வீட்டுக்குப் போய் மாதையனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஆடி மாதம் வரைக்கும்தான். வாழவந்திக்கு அந்தப்பக்கம் ஒரு களத்தில் வெள்ளையன் என்பவர் விழுந்துவிட்டார் என்று ஆள் ஓடிவந்தது. ஜீப் போய்ச் சேர்ந்தபோது களம் நிறையச் சனம். விழும்போது கைகால் வெட்டி இழுத்ததைப் பார்த்து வலிப்பு என்று நினைத்து, இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று கையில் அரிவாளைத் திணித்திருந்தார்கள். அவர் மனைவி ராசாத்தி, அரிவாளோடு சேர்த்து அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்வதி பட்டையை ஒட்டினாள். பெட்டி பேசியது. கண்ணாயி கத்தினாள். கூட்டம் பதறி விலகியது. ராசாத்தி மட்டும் விலகவில்லை. அவளுக்குக் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கண்ணாயி குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலுக்குக் கொஞ்சம் பலமாகவே இழுக்க வேண்டியிருந்தது.

பெட்டி கேட்டது. ஷாக் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்த இதயம் நடுங்கக்கூட இல்லை, ஜீப் போய்ச் சேருவதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது என்று பார்வதி பிற்பாடு சொன்னாள். சொன்னாளே தவிர, வியர்வை சொட்டச் சொட்ட நெஞ்சை அமுக்கிக்கொண்டேதான் இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ராசாத்தி அழவில்லை, திட்டவும் இல்லை. கண்ணாயியைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அந்தக் கை இன்னும் சூடா இருந்துச்சு. அது ஆறுற வரைக்குமாச்சும் புடிச்சிருப்பேன். அதையும் உடாம புடுங்கிட்டியே."

அன்றோடு கண்ணாயியின் தொண்டை அடங்கியது. அவள் வேண்டுமென்றே அடக்கவில்லை, சத்தமே வரவில்லை. வார்டில் பார்வதியைவிட மெதுவாகப் பேசினாள். உன் மேல் தப்பில்லை என்று டாக்டர் எத்தனையோ எடுத்துச் சொன்னார்.

"தப்பில்லைன்னு தெரியுமுங்க. ஆனா அவ வெரலு என் கையிலயே இருக்குதுங்க. நான் அந்தப் பொட்டிகூட இனிப் போவலீங்க. வேற ஆரையாச்சும் கத்தச் சொல்லுங்க."

வீட்டில் மாதையன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "கண்ணாயி, என்னையக் கொஞ்சம் திட்டேன். சோறு எறங்க மாட்டேங்குது" என்றான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த மே மாதம் சேர்வராயன் திருவிழா. கோடைக்கு வந்த வெளியூர்ச் சனமும் சேர்ந்து உச்சியில் நெரியும் என்பதால் ஆஸ்பத்திரி ஜீப் அங்கே நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. பார்வதி, மரியஅந்தோணி, பெட்டி. டாக்டர் கண்ணாயியையும் போகச் சொன்னார். "வர்றனுங்க. கத்த மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். எப்படியும் மாதையன் அங்கே இருப்பான். விரதத்தோடு முந்தின நாளே நடந்து போயிருந்தான்.

காலையில் அவனைப் பார்த்தபோது முகம் வெளுத்திருந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, என்ன பண்ணுது?"

"வெறும் வகுறு, கரிக்குது. வாயுவா இருக்கும்."

"ஒரு வாய் சுக்குக் காப்பி குடிங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"இத்தன வருசம் இருந்துட்டு இன்னிக்குக் கெடுத்துக்கவா? போ புள்ள, முடியட்டும்" என்று சொல்லிவிட்டு முதல் வரிசைக்குப் போய்விட்டான்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. சமதளமான புல்வெளி, ஒரு ஓரத்தில் குகைக் கோயில். மேளம் தொடங்கியது. ஆண்கள் வட்டமாக ஆடினார்கள். எல்லார் கண்ணும் மூக்கன் மேல் இருந்தது. அப்போது மாதையன் அப்படியே அண்ணாந்தான். கண் மேலே செருகியது. கை இரண்டும் வெட்டி வெட்டி உதறியது. பின்னால் சாய்ந்தவனைக் கீழே விழாமல் நாலு பேர் தாங்கிக்கொண்டார்கள்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு மூக்கன்தான் முதலில் கத்தினான். "வந்துருச்சு! எங்க அண்ணன் மேல வந்துருச்சு!" அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இத்தனை வருஷம் அண்ணன் இடத்தில் நிற்கிறோமே என்று அவனுக்கும் உள்ளூர ஒரு உறுத்தல் இருந்திருக்கிறது, பாவம். ஓடிப் போய் மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து மாதையன் தலையோடு ஊற்றினான். மேளம் உச்சத்துக்குப் போனது. பெண்கள் குலவை போட்டார்கள்.

கண்ணாயியும் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டுக்கொண்டே அழுதாள். என் ராசா, வந்துருச்சா, கடைசியில் உங்களையும் ஒரு தெய்வம் பார்த்துருச்சா என்று உள்ளுக்குள் பொங்கியது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரம் அதற்கு முன்னால் இல்லை.

கும்பிட்ட கையை இறக்கியபோதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. தரையில் போட்ட மீனைப் போல எப்போதோ ஒரு தடவை இழுத்து மூச்சு வாங்கியது. சாமி வந்த உடம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும், நாலு ஆள் சேர்ந்தாலும் அடக்க முடியாது. இந்த உடம்பு நாலு ஆள் கையில் ஈரத்துணியாகத் துவண்டு கிடந்தது. நகம் நீலம் பூத்திருந்தது. அந்த நீலத்தை அவள் வார்டில் பார்த்திருக்கிறாள்.

பார்வதிக்கும் தெரிந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரியஅந்தோணி முன்னால் ஓட, அவள் பின்னால் ஓடிவந்தாள். "அவரை விடுங்க, கீழ படுக்க வைங்க" என்றாள். மேளத்தில் அந்தக் கொசுக் குரல் எங்கே கேட்கும்? மரியஅந்தோணி ஒருவன் தோளைப் பிடித்து இழுத்தார். அவன் அவரைத் தள்ளிவிட்டான். "சாமி வந்த ஆளு மேல கை வைக்கறியா?" என்று இன்னும் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு வந்தார்கள். மாதையனை இன்னும் நிமிர்த்திப் பிடித்தார்கள்.

இது சாமியில்லை, நெஞ்சடைப்பு என்று சொல்லலாம். சொன்னால் நம்புவார்களா? பேசிப் புரிய வைப்பதற்குள் உள்ளே இதயத்தின் நடுக்கமும் ஓய்ந்துவிடும். வெள்ளையன் மாதிரி ஆகிவிடும். கண்ணாயிக்கு ஒன்றுதான் தெரிந்தது. அந்த ஊர்க் கட்டுப்படி, சாமி உடம்பை விட்டு மலையேறும்போது ஆளைத் தரையில் கிடத்திவிட்டு விலகி நிற்க வேண்டும், அவன் தானாக எழும் வரை ஒரு விரல் படக் கூடாது. சாமி பேரில், சாமி சன்னதியில் பொய் சொல்வது எப்பேர்ப்பட்ட பாவம் என்பதும் தெரியும். வருகிற பாவம் தன் தலையோடு போகட்டும் என்று அவள் வாயைத் திறந்தாள். பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்த தொண்டை மொத்தமாகத் திறந்தது.

"சாமி மலையேறுது! கீழ கெடத்துங்கோ! எல்லாரும் கையை எடுங்கோ!"

மேளம் பட்டென்று நின்றது. தூரத்தில் பலூன் விற்றுக்கொண்டிருந்தவன்கூட கையை உயரத் தூக்கிவிட்டான். தாங்கியிருந்த நாலு பேரும் மாதையனை மெல்லக் கிடத்திவிட்டுக் கும்பிட்டபடி பின்வாங்கினார்கள். மூக்கன் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான்.

பார்வதி குனிந்தாள். நெஞ்செல்லாம் மஞ்சள் தண்ணீர். ஈரத்தில் பட்டை ஒட்டாது. கண்ணாயி தன் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். பார்வதி இரண்டு பட்டையையும் ஒட்டினாள், வயரைச் சொருகினாள். பெட்டி பேசியது. பேசிவிட்டுக் காத்திருந்தது.

"அக்கா," என்றாள் பார்வதி. "அக்கா, கையை…"

கண்ணாயி யாரோ தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. கீழே பார்த்தாள். மாதையனின் இடது கை அவள் கைக்குள் இருந்தது. எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. அந்தக் கை இன்னும் சூடாக இருந்தது.

விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த உச்சியில் யாருமில்லை. ஆனால் விரல் பிரியவில்லை. விட்டபிறகு இந்தக் கை ஆறிப் போனால்? இதுதான் கடைசிச் சூடு என்றால்? ராசாத்திக்கு அன்று காது கேட்காமல் போனது ஏன் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. இதைப் போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்தோமே என்று நெஞ்சு வெடித்தது.

"அக்கா, நேரமில்லைக்கா!" பார்வதி அழுதுவிட்டாள்.

கண்ணாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த மலையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டிராத சத்தத்தில் கத்தினாள்.

"ஏய் கண்ணாயி! கையை எடு!"

கை திறந்துகொண்டது. அவள் பின்னால் போய் விழுந்தாள். பெட்டி கேட்டது. நடுக்கம்தான் என்று கண்டுகொண்டது. கரண்டு ஏறுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் எழுந்தது. பார்வதி சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரஞ்சுப் பொத்தானை அமுக்கினாள். மாதையன் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. சுற்றி நின்ற சனம் முழுக்க "சாமியோவ்!" என்று தரையில் விழுந்தது.

கண்ணாயி கும்பிடவில்லை, கிடந்த இடத்திலிருந்து அசையவில்லை. பெட்டி மறுபடி பேசியது. பார்வதி கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். விரலை எடுக்கவே இல்லை. "அக்கா, துடிக்குதுக்கா" என்றாள். மாதையன் பெரிதாக ஒரு மூச்சு வாங்கினான், முனகினான். எப்போதும் போல மெதுவாகத்தான் முனகினான்.

ஏற்காட்டில் டாக்டர் பார்த்து ஊசி போட்டு, தானும் கூடவே ஏறிக்கொண்டு, மலை இறங்கிச் சேலத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இன்னும் சில நாள் டாக்டர் கண்ணில் இருக்கட்டும் என்று ஏற்காட்டு வார்டிலேயே ஒரு கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். வாழவந்திச் சனம் தேங்காய், பூவோடு வந்து கட்டிலைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனது. எல்லாரும் போன பிறகு மாதையன் கேட்டான்.

"கண்ணாயி, நீ பக்கத்துலதான இருந்த? எம்மேல சாமி வந்துச்சாமா? எனக்கு ஒண்ணுமே நெனப்பு இல்ல."

ஊருக்கு ஒரு பொய் சொல்லியாயிற்று. இவனுக்கும் ஒன்று சொன்னால் ஆயுசுக்கும் சந்தோஷமாக இருப்பான். கண்ணாயி வாயைத் திறந்து பார்த்தாள். அந்தப் பொய் வரவில்லை.

"வரலீங்க," என்றாள். "உங்களுக்கு நெஞ்சடைச்சுப் போச்சு. நீங்க செத்துத்தான் கெடந்தீங்க. எல்லாரும் உங்கள உடணும்னு நாந்தான் சாமி மலையேறுதுன்னு பொய் சொன்னேன்."

அவன் கூரையைப் பார்த்தான். கண்ணோரம் ஈரமாயிற்று. பிறகு சிரித்தான்.

"நீ சொன்னதும் அத்தன பேரும் கையை எடுத்தாங்களாமே, மூக்கன் சொன்னான். எனக்குன்னு வந்த சாமி, வழியில உன் தொண்டையைப் பாத்துட்டு அங்கயே நின்னுருச்சாட்ட இருக்குது. போவட்டும் உடு."

அவளால் சிரிக்க முடியவில்லை. சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. இத்தனை நாளும் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தாள்.

"உங்க கையைப் புடிச்சிருந்தேனுங்க. உட்டுட்டேன். திரும்பக் கெடைக்குமா கெடைக்காதான்னு தெரியாமயே உட்டுட்டேனுங்க." சொல்லிவிட்டுத் தேம்பினாள். "ராசாத்தி ஊட்டுக்கு ஒரு நடை போவணும். போய் அவ காலுகிட்ட உக்காரணும்."

"போவலாம். நானும் வர்றேன்" என்றான் மாதையன். போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். அவள் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பார்வதி பிரஷர் பார்க்கும் கருவியோடு வந்தாள். இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றாள். "கண்ணாயிக்கா, ஒரு நிமிசம் கையை விடுங்க, பிரஷர் பார்க்கணும்" என்றாள்.

கண்ணாயி நிமிர்ந்தே பார்க்கவில்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அந்தப் பக்கத்துக் கையில பாரு கண்ணு."